இறுவட்டாக வந்த வைஃபை டொங்கிள்

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய, பெயரே அச்சிடப்படாத வைஃபை டொங்கிளை வெள்ளவத்தை வீட்டிலுள்ள பழைய மடிக்கணினியில் செருகியபோது, விண்டோஸ் நிறுவுகோப்பு அடங்கிய ஓர் இறுவட்டு செருகப்பட்டிருப்பதாகவே அதிலுள்ள லினக்ஸ் இயங்குதளம் காட்டியது. “எல்லாக் கம்பியூட்டருக்கும் வேலை செய்யும், அண்ணா” என்று கடையில் நின்ற தம்பி சொன்னது விண்டோஸை மட்டும் மனத்தில் வைத்துத்தான் போலும். இறுவட்டை வெளியே தள்ளும் ‘இஜெக்ட்’ கட்டளையைக் கொடுத்ததும் டொங்கிள் தானே துண்டித்து மீண்டும் இணைந்து, இம்முறை வேறொரு யூஎஸ்பி இலக்கத்துடன், அதாவது சாதனத்தை அடையாளங்காட்டும் எண்ணுடன், தோன்றியது.

காய்கறிக் கத்தியால் உறையைப் பிளந்து பார்த்தேன், சில்லு ஆர்டிஎல்8821சியூ. 2023 பெப்ரவரியில் வெளியான லினக்ஸ் 6.2 தொடக்கம் ஆர்டிடபிள்யூ88 என்ற இயக்கி (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) இச்சில்லை ஆதரிக்கிறது. ஆனால், என் டொங்கிளின் இலக்கம் அதன் பட்டியலில் இல்லை.

லினக்ஸின் மையநிரலான கர்னலை மறுபடி தொகுக்காமலேயே புதிய இலக்கத்தை இயக்கிக்கு அறிவிப்பதற்கு ‘நியூ ஐடி’ என்றொரு கோப்பு உண்டு. தயாரிப்பாளர் இலக்கத்தையும் பொருள் இலக்கத்தையும் அதில் எழுதிய மறுகணமே, வெற்றுச் சுட்டியை, அதாவது எதையும் சுட்டாத முகவரியை, தொட்டுவிட்டதாகக் கர்னல் பிழை கக்கியது. செருகுமிடத்தை மாற்றினேன், கம்பியை மாற்றினேன், டொங்கிளையே சந்தேகித்தேன். இரண்டு மாலைகள் அவ்வாறே கழிந்தன. மூலநிரலை வாசித்த பின்னரே காரணம் விளங்கியது: இயக்கியின் பட்டியலில் ஒவ்வொரு வரியும் இலக்கங்களோடு, அந்தச் சில்லின் விவரங்கள் அடங்கிய கட்டமைப்பின் முகவரியையும் சுமந்திருக்கிறது, நான் வெறும் இரண்டு எண்களைக் கொடுத்ததால் அந்த இடத்தில் பூச்சியமே நின்றது. அதே கோப்பு ஐந்து எண்களையும் ஏற்கும். மூன்றாவதாகப் பூச்சியத்தையும், நான்காவது, ஐந்தாவது இடங்களில் ஏற்கெனவே பட்டியலிலுள்ள இன்னொரு 8821சியூ சாதனத்தின் இரு இலக்கங்களையும் எழுதினால், அதன் முகவரி புதியதற்கும் நகலெடுக்கப்படும்.

அவ்வாறு எழுதியதும் அடுத்து வந்த ‘மைனஸ் 2’ பிழைக்கு, சில்லுக்குள் ஏற்றப்படவேண்டிய மென்பொருளான ஃபேர்ம்வேர் கோப்பு வட்டில் இல்லை என்பதே பொருள். பொதியை நிறுவியதும் அது தீர்ந்தது. இயக்கி திறந்த மூலமாயினும் சில்லுக்குள் ஓடும் அந்த ஃபேர்ம்வேர் மூடிய இருமக் கோப்பாகவே வருவது எனக்கு இன்னும் உறுத்தலாகத்தான் இருக்கிறது. எனினும், மாடிவீட்டாரின் ரௌட்டர் உட்பட அக்கம்பக்கத்து வலையமைப்புகள் அனைத்தும் திரையில் வரிசையாக வந்தபோது அந்த உறுத்தல் சற்று அடங்கியது.

இயக்கியின் பட்டியலில் அந்த இலக்கத்தைச் சேர்க்கும் ‘பட்ச்’ எனும் நிரல் திருத்தத்தையும் எழுதிவிட்டேன். சேர்த்த நிரல் சிறிதே. அதற்கான விளக்கக் குறிப்பு அதைவிட நீளம். இத்தகைய திருத்தங்களின் நடையைச் சரிபார்க்கும் ‘செக்பட்ச்’ ஸ்கிரிப்ட் முதல் ஓட்டத்திலேயே, ‘டாப்’ (Tab) குறி இருக்கவேண்டிய இடத்தில் இடைவெளிகளைத் தட்டியிருந்ததையும், கையொப்ப வரி விடுபட்டிருந்ததையும் கண்டுபிடித்துவிட்டது.

மடிக்கணினி உறங்கி எழும்போதெல்லாம் டொங்கிள் மறுபடி இறுவட்டாக மாறிவிடுவது இன்னும் தீரவில்லை. உறக்கத்தின்போது அதற்கு மின்சாரம் நின்றுவிடுகிறது என்று நினைக்கிறேன். இப்போதைக்கு, இறுவட்டு தோன்றியவுடன் ‘இஜெக்ட்’ கட்டளையைத் தானாக இயக்கும் ஒரு யூடெவ் விதியை (சாதனம் செருகப்படும்போது லினக்ஸ் செய்யவேண்டியதைச் சொல்லும் வரி) எழுதிவைத்துச் சமாளிக்கிறேன்.