நான்கு, இரண்டு, ஒன்று: டர்பன் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 20, 2024, செவ்வாய்

தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் என்று இனத்துக்கு ஓர் அவையாக அமைத்த மூன்று அவை நாடாளுமன்றத்துக்குத் தேர்தல் நடந்து இந்த மாதத்தோடு நாற்பது வருடம் ஆகிறது. டர்பனின் இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வொர்த்தில் குடியிருந்துகொண்டு அதைப் பற்றி மேலோட்டமாக மட்டுமே தெரிந்திருப்பது எனக்கு உறுத்தலாக இருந்தது. தென்னாப்பிரிக்காவின் 1983ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளையர் அவையில் 178 பேர். கலப்பினத்தவர் அவையில் 85. இவர்களை இந்த ஊரில் எல்லோரும் கலர்ட் என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். இந்தியர் அவையில் 45. ஏறக்குறைய நான்குக்கு இரண்டுக்கு ஒன்று. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் அதே கணக்குதான்: 50, 25, 13. இருபத்தைந்தும் பதின்மூன்றும் முப்பத்தெட்டு. கலர்ட் பிரதிநிதிகளும் இந்தியப் பிரதிநிதிகளும் ஒருவர் பாக்கியில்லாமல் ஒன்றாக நின்றாலும் ஐம்பதைத் தொட முடியாது. அந்த ஐம்பது பேரையும் வெள்ளையர் அவையின் பெரும்பான்மைக் கட்சியே தன் ஆட்களாகப் போட்டுக்கொள்ளலாம்.

மக்கள்தொகையில் எழுபது சதவீதத்துக்கும் மேலிருந்த கறுப்பின மக்களுக்கு ஓர் இடம்கூட இல்லை. அவர்களுக்குத் தனித் ‘தாயகங்கள்’ இருக்கின்றன, நகரத்துச் சேரிகளில் உள்ளாட்சி மன்றங்கள் இருக்கின்றன, அது போதும் என்று விட்டுவிட்டார்கள்.

இந்தச் சட்டம் வேண்டுமா என்று 1983 நவம்பர் 2 அன்று வாக்கெடுப்பு நடந்தது. கேட்டது வெள்ளையர்களிடம் மட்டும். மூன்றில் இரண்டு பங்கு பேர் வேண்டும் என்றார்கள். யாருக்காக அவை அமைத்தார்களோ அந்தக் கலர்ட் மக்களையும் இந்தியர்களையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

1984இல் கலர்ட் மக்களின் தேர்தல் நடந்த நாள் இன்று. பதிவு செய்திருந்தவர்களில் சுமார் முப்பது சதவீதம் பேர்தான் வாக்களித்தார்கள். நேரடித் தேர்தல் நடந்த 80 தொகுதிகளில் 76ஐ ஆலன் ஹென்ட்ரிக்ஸின் தொழிற்கட்சி பிடித்தது.

பிடித்து என்ன செய்ய முடியும் என்பதுதான் இரண்டு நாளாக என் கேள்வி. கல்வி, வீட்டுவசதி, சமூகநலம் போன்றவை அந்தந்த இனத்தின் ‘சொந்த விவகாரம்’. ராணுவம், போலீஸ், வெளியுறவு, நிதி எல்லாம் ‘பொது விவகாரம்’. எது எந்தப் பக்கம் என்று முடிவு செய்வது குடியரசுத் தலைவர். பொது விவகாரத்தில் அவைகள் முரண்பட்டால் மசோதாவை அவர் தலைவர் ஆலோசனை மன்றத்துக்கு அனுப்பலாம். அதில் 60 பேர். வெள்ளையர் அவை 20 பேரை அனுப்பும், கலர்ட் அவை 10, இந்தியர் அவை 5. மீதி 25 பேரை நியமிப்பது அதே குடியரசுத் தலைவர், அதில் சிலர் எதிர்க்கட்சிகள் சொல்லும் ஆட்கள் என்றாலும்.

இது ஏட்டளவில் நிற்கவில்லை. 1986இல் போலீசுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் இரண்டு பாதுகாப்பு மசோதாக்களை கலர்ட் அவையும் இந்தியர் அவையும் ஏற்க மறுத்தன. மசோதாக்கள் ஆலோசனை மன்றத்துக்குப் போயின, சட்டமாகிவிட்டன. ஓர் அவை அடியோடு செயல்பட மறுத்தாலும் மிச்சமிருக்கும் அவைகளே நாடாளுமன்றம் என்று இன்னொரு பிரிவும் இருக்கிறது. வெளிநடப்புக்குக்கூடப் பலன் இல்லாதபடி யோசித்து எழுதியிருக்கிறார்கள். இதை எழுதியவர்கள் முட்டாள்கள் அல்ல. படிக்கப் படிக்கக் கோபம்தான் வருகிறது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பக்கத்து வீட்டு ஆயாவிடம் கேட்டேன். எண்பதைத் தாண்டியவர். இங்கே தமிழ் பேசும் கடைசித் தலைமுறை. மகஸின் பேரக்ஸில் பிறந்தவர். டர்பன் மாநகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பு அது, பெரும்பாலும் நம் ஆட்கள். எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிகள் சட்டத்தைக் காட்டி அறுபதுகளில் அங்கிருந்து எழுப்பி, நகரத்துக்கு வெளியே இந்தச் சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுவந்து போட்டார்கள்.

“ஓட்டுப் போட்டீங்களா ஆயா?”

“நான் போவல தம்பி. அவுரு போனாரு.”

கணவர் போனதற்குக் காரணம் பென்ஷன். ஓட்டுப் போடாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும் என்று தெருவில் பேச்சு. அன்றைக்கு வீட்டில் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லையாம். “நம்மள எடுத்துக்கினு போயி இங்க தள்ளுனவன் இப்ப நாற்காலி போட்டுக் கூப்புடுறான். ஜூலுக்காரங்களுக்கு நாற்காலி எங்கன்னு கேட்டேன். அவுரு பதில் சொல்லல.”

போனவரை நான் குறை சொல்ல மாட்டேன். வயிற்றைக் காட்டிப் பயமுறுத்தினால் எவ்வளவு பேர் நிற்பார்கள்? ஆனால் இந்த வட்டாரத்துக் கறுப்பின மக்களான ஜூலுக்களைப் பற்றி ஆயா கேட்ட கேள்விதான் சரியான கேள்வி.

ஆகஸ்ட் 28, புதன்

இந்தியர் தேர்தல் நடந்த நாள். பதிவு செய்திருந்தவர்களில் சுமார் இருபது சதவீதம், அதாவது ஐந்தில் ஒருவர், வாக்களித்தார்கள். ராஜ்பன்சியின் தேசிய மக்கள் கட்சிக்கு 18 இடம், ஜே. என். ரெட்டியின் சாலிடாரிட்டிக்கு 17.

மீதி நான்கு பேர் சோம்பலால் வீட்டில் இருக்கவில்லை. டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்தின் இந்தியக் காங்கிரஸும், இனவெறி ஆட்சியை எதிர்த்த அமைப்புகளின் கூட்டணியான ஐக்கிய ஜனநாயக முன்னணியும் மாதக்கணக்கில் வீடு வீடாகப் போய்ப் பேசியிருந்தார்கள். முன்னணி தொடங்கியது 1983 ஆகஸ்ட் 20 அன்று, கேப் டவுனின் மிட்செல்ஸ் பிளெய்னில். அதற்கு விதை போட்ட பாதிரியார் ஆலன் பூசக் அன்று கேட்டது எல்லா உரிமைகளையும், இங்கேயே, இப்போதே. தேர்தலுக்குச் சில நாள் முன்பு காங்கிரஸ் தலைவர்களையும் முன்னணித் தலைவர்களையும் பிடித்து உள்ளே வைத்தார்கள். அப்படியும் மக்கள் வாக்குச்சாவடிக்குப் போகவில்லை.

இந்தப் பிடிவாதத்துக்கு வயது அதிகம். 1896இல் நேட்டால் இந்தியர்களின் வாக்குரிமையைப் பறித்தபோது சட்டத்தில் ‘இந்தியர்’ என்ற சொல்லே வரவில்லை. தேர்தல் முறையில் அமைந்த நாடாளுமன்றம் இல்லாத நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு வாக்கு இல்லை என்று எழுதினார்கள். இந்தியாவில் அதை வரவிடாமல் வைத்திருந்ததும் பிரிட்டிஷ்காரர்களே. அந்த முயற்சியை எதிர்க்கத்தான் 1894இல் காந்தி நேட்டால் இந்தியக் காங்கிரஸைத் தொடங்கினார். அடுத்தது 1946. இந்தியர் நிலம் வாங்குவதைத் தடுக்கும் சட்டத்தோடு சேர்த்து, கீழவையில் மூன்று இடம் தருகிறோம் என்றார்கள். மூன்றிலும் உட்காரப்போவது வெள்ளையர்! அதை வாங்கிக்கொள்ளாமல், டர்பனில் கேல் தெருவும் அம்பிலோ சாலையும் சந்திக்கும் காலி நிலத்தில் கூடாரம் போட்டார்கள். 1948க்குள் சுமார் இரண்டாயிரம் பேர் சிறைக்குப் போனார்கள்.

அந்தப் போராட்டம் தொடங்கிய அடுத்த வருடம், 1947 மார்ச்சில், இந்தியக் காங்கிரஸ் தலைவர்களான டாக்டர் நாயக்கரும் டாக்டர் தாதூவும் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் டாக்டர் ஸூமாவோடு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள், எல்லோருக்கும் வாக்கு என்று. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இது. தனக்கு மட்டும் கிடைப்பதை வேண்டாம் என்று சொல்வது ஒரு பாதிதான். எல்லோருக்கும் கிடைப்பதை எல்லோரோடும் நின்று கேட்பது மறு பாதி. 1984இல் வீட்டிலேயே இருந்த அந்த நான்கு பேர் செய்தது இரண்டையும்.

செப்டம்பர் 3, செவ்வாய்

1984இல் புதிய அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது இதே தேதியில். அன்று காலையே ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே வால் பகுதி பற்றி எரிந்தது. செபோகெங், ஷார்ப்வில், எவட்டன். வீட்டு வாடகையை உயர்த்தியது அந்த உள்ளாட்சி மன்றம், அதாவது கறுப்பின மக்களுக்கு ‘போதும்’ என்று தரப்பட்டது. நாடாளுமன்றத்தில் இடமில்லாதவர்கள் தெருவில் இறங்கினார்கள். மன்றத்தின் துணை மேயரைக் கொன்றார்கள், போலீஸ் சுட்டுப் பலரைக் கொன்றது. அந்தச் சாவுகளை எந்தப் பக்கமும் லேசாக எழுத எனக்கு மனம் வரவில்லை. இன்று இதற்கு மேல் படிக்கவும் முடியவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

தேர்தலுக்கு முன் பிடித்து வைத்த தலைவர்களை நீதிமன்றம் விடுவித்தது. அரசு உடனே புதிய ஆணை போட்டது. 1984 செப்டம்பர் 13 அன்று ஆறு பேர் டர்பனின் பிரிட்டிஷ் துணைத் தூதரகத்துக்குள் நுழைந்து அடைக்கலம் கேட்டார்கள்: ஆர்ச்சி குமேடே, மேவா ராம்கோபின், ஜார்ஜ் சிவ்பர்ஷாத், எம். ஜே. நாயுடு, பில்லி நாயர், பால் டேவிட். நாயர் ராபன் தீவுச் சிறையில் இருபது வருடம் கழித்துவிட்டு அந்த வருடம்தான் வெளியே வந்திருந்தார். மூவர் அக்டோபரில் வெளியே வந்ததும் பிடிபட்டார்கள். மற்ற மூவர் டிசம்பர் வரை உள்ளேயே இருந்தார்கள்.

மாலையில் ஆயாவின் பேரன் வந்திருந்தான். கல்லூரியில் சட்டம் படிக்கிறான். இந்தியர் அவைக்குள் போய் உட்கார்ந்தவர்கள் பள்ளிக்கூடமும் வீடும் கட்டித் தந்தார்களே, அண்ணா, அதை எந்தக் கணக்கில் வைப்பது என்று கேட்டான். கட்டியதைக் கட்டியதாகவே வைக்கலாம் என்றேன். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் பக்கத்து ஊர் ஜூலுப் பையனைச் சேர்த்துக்கொள்ள அவர்களிடம் அதிகாரம் இருந்ததா என்று கேட்டேன். இல்லை என்று அவனே சொன்னான்.

இந்த மூன்று அவைகளும்தான் 1993 டிசம்பரில் தங்களை முடித்துவைக்கும் இடைக்கால அரசியல் சட்டத்தை நிறைவேற்றின. 1994 ஏப்ரலில் கணவரும் தானும் ஒரே வரிசையில், முன்னே ஜூலு, பின்னே ஜூலு, நின்றோம் என்று ஆயா சொன்னார். அடுத்த பதிவில் ராம்கோபினும் மற்றவர்களும் பீட்டர்மாரிட்ஸ்பர்கில் சந்தித்த தேசத்துரோக வழக்கைப் பற்றி எழுதுகிறேன்.