மீன் கண்ணுக்குள் ஒரு வெள்ளை உருண்டை

காசிமேட்டு மீன் வாங்கிக் குழம்பு வைக்கிற எங்கள் தண்டையார்பேட்டை வீட்டில் தலைக்குத்தான் போட்டி. மீன் கண்ணுக்குள் கடிபடுமே ஒரு வெள்ளை உருண்டை, அதுதான் லென்ஸ். உயிரோடு இருந்தவரை தெள்ளத்தெளிவாக இருந்தது. கொதியில் அதன் புரதங்கள் உருக்குலைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டியாகிவிட்டன.

அந்தப் புரதங்களுக்குக் கிரிஸ்டலின் என்று பெயர். நம் லென்ஸின் நடுப்பகுதியில் இருப்பவை நாம் பிறப்பதற்கு முன்பே உருவானவை. அங்குள்ள செல்களில் உட்கருவே கிடையாது, புதிதாகச் செய்துகொள்ள வழியில்லை. அதனால் ஆல்ஃபா கிரிஸ்டலின் காவலுக்கு நிற்கிறது: குலையத் தொடங்கும் புரதங்களைப் பிடித்துவைத்து, திரளவிடாமல் தடுக்கிறது. வயதாக ஆக அதன் கையிருப்பு குறையும். அப்புறம் கண்புரை.

எனக்குப் பிடித்த சங்கதி வேறு. லென்ஸுக்கென்று பரிணாமம் பெரிதாக மெனக்கெடவே இல்லை! உடலில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த புரதங்களையே கண்ணுக்கும் இழுத்துக்கொண்டது. ஆல்ஃபா கிரிஸ்டலினே, சூடு போன்ற நெருக்கடியில் செல்லின் மற்றப் புரதங்களைக் காக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதக் குடும்பம்தான். வாத்தின் லென்ஸில் கணிசமாக இருப்பது லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்ற சாதாரண நொதி. கணவாயின் லென்ஸில் இருப்பதோ நச்சு நீக்கும் நொதியின் வழிவந்தது. நெருக்கி அடைத்தாலும் கரைந்தபடி, ஒளியைச் சிதறவிடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.