214 படங்களும் ஒரு முழங்கையும்

நேற்றிரவு நமது இளைஞர் கழகத்தின் வட்ஸ்அப் குழுவில் சிறுவர் இல்லப் பயணத்தின் படங்கள் வந்து சேர்ந்தன. மொத்தம் 214. ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து முடிக்கையில் நள்ளிரவாகிவிட்டது. அவற்றுள் நான் இருப்பது ஒரே ஒரு படத்தில்தான். அதிலும் என் முழங்கை மட்டுமே இருக்கிறது. அது என்னுடையதுதான் என்பதற்குப் பச்சை சுவெட்டரின் கிழிசல் சாட்சி. தையல்காரர் வீட்டுப் பிள்ளையின் உடுப்பு கிழிந்திருப்பது நம் தெருவில் யாருக்கும் புதிய செய்தியல்ல.

ஒக்டோபர் 1 சிறுவர் தினம் என்பதால், அதையொட்டிய ஞாயிற்றுக்கிழமையை டிக்கோயாப் பக்கமுள்ள இல்லமொன்றில் கழிப்பதெனத் தலைவர் ஒரு மாதத்துக்கு முன்பே முடிவெடுத்துவிட்டார். அதே திகதியில்தான் முதியோர் தினமும் வருகிறது என்பதை அம்மா எங்கோ கேட்டு வைத்திருந்தார். "அப்போ இந்த வீட்டு முதியோர யாரு பாக்குறது?" என்று காலை ஐந்து மணிக்கு ரொட்டி தட்டியபடி அவர் கேட்ட கேள்விக்கு, பொருளாளர் என்ற வகையில் என்னிடம் பதில் இல்லை. சம்பலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வேனில் ஏறிவிட்டேன்.

அங்கே 34 பிள்ளைகள். நாங்கள் 16 பேர். காசல்ரீ நீர்த்தேக்கத்தை மூடியிருந்த பனி இன்னும் விலகியிருக்கவில்லை. அதற்குள் பிள்ளைகள் குளித்து, எண்ணெய் வைத்துத் தலைவாரி, வரிசையில் நின்று வரவேற்புப் பாட்டைப் பாடி முடித்துவிட்டார்கள். பிறகு எட்டு வயதுப் பொடியன் ஒருவன் முன்னே வந்து, கல்யாண மண்டப மேலாளரின் பொறுப்போடு, "போட்டோ சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியாண்ணே?" என்று கேட்டான். அந்த வாரத்தில் அவர்கள் வரவேற்ற நான்காவது குழு நாங்கள். எங்கள் ஐசிங் கேக் அவர்களுக்கு நான்காவது கேக். பொறுப்பாளர் அம்மா அதை வாங்கி உள்ளே வைத்தபோது, "பெப்ரவரியில கொண்டு வந்திருந்தா எவ்வளவு நல்லா இருக்கும் தம்பி" என்று என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னார்.

பிள்ளைகளின் முகம் தெரியும்படி படம் எடுக்கக்கூடாது என்பது அவருடைய கண்டிப்பான சட்டம். மிகவும் நியாயமான சட்டம். ஆனால் அதன் விளைவாக, அந்த 214 படங்களிலும் எங்கள் ஆட்களின் பல்வரிசைகளும் எண்ணெய் மினுங்கும் பின்னந்தலைகளுமே நிறைந்திருக்கின்றன.

தலைவரின் உரையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அவர் கோபித்துக்கொள்வார். சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்று உறுதிப்படுத்தியதில் தொடங்கி, 1992ஆம் ஆண்டின் சிறுவர் சாசனத்தைத் தொட்டு, ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் பிள்ளைகளுக்குள்ள உரிமையைக் கூறும் 31ஆவது உறுப்புரைக்கு அவர் வந்துசேர்ந்தபோது நாற்பது நிமிடங்கள் கழிந்திருந்தன. ஓய்வும் விளையாட்டுமின்றி 34 பிள்ளைகள் சிமெந்துத் தரையில் சம்மணமிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து சங்கீதக் கதிரை. பாட்டு நின்றதும், பிள்ளைகளை உற்சாகப்படுத்துவதற்காகத் தாமும் களமிறங்கிய தலைவர் கதிரையை நோக்கிப் பாய்ந்தார். அவருடைய நீளக் காற்சட்டை பின்புறத் தையலோடு விடைபெற்றுக்கொண்டது. கைக்கு எட்டியது எங்கள் பெனர் ஒன்றுதான். அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு அவர் திரும்பியபோது, வாசகத்தின் பிற்பாதியான "புன்னகைக்க வைப்போம்" என்பது மிகச் சரியான இடத்தில் வந்து அமர்ந்திருந்தது. அந்த நாளில் பிள்ளைகள் யாரும் சொல்லிக்கொடுக்காமல் சிரித்தது அப்போதுதான்.

என் கஷ்டகாலம் அங்கிருந்து ஆரம்பித்தது. இல்லத்தின் மூலையில் கறுப்புக் கால்மிதி மெஷின் ஒன்று துணி மூடிக் கிடந்தது. அப்பாவின் கடையிலிருந்து தப்புவதற்காகவே கணினி வகுப்பு, கணக்கியல் வகுப்பு, இந்தப் பொருளாளர் பதவி என்று எத்தனையோ வழிகளைத் தேடிய நான், தலைவரின் மானத்தை முன்னிட்டு அதன் முன் உட்கார வேண்டியதாயிற்று. தோல் பெல்ட் தொய்ந்திருந்தது. ஓர் அங்குலம் வெட்டியெடுத்துக் கம்பியால் மீண்டும் இணைத்தவுடன் சக்கரம் சுழன்றது. நான் செய்த தவறு, அதைப் பிள்ளைகள் பார்க்கும்படி செய்ததுதான்.

ஐந்து நிமிடத்தில் முதல் பாடசாலைப் பை வந்தது. சிப் மூடினாலும் பின்னால் பிளந்துகொண்டே போனது. ரன்னரின் இரு ஓரங்களையும் குறட்டால் இலேசாக நெரித்து, பற்களில் மெழுகுதிரியைத் தேய்த்துக் கொடுத்தேன். "மூடுது!" என்று ஒரு குரல் கேட்டதும் வரிசை நின்றுவிட்டது. பைகள், பொத்தானில்லாத சட்டைகள், தோள் விட்ட சீருடைகள். வெளியே கயிறு இழுத்தல் நடந்தது, பணிஸ் உண்ணும் போட்டி நடந்தது, மழை வந்தது, நின்றது. நான் பெடலை மிதித்துக்கொண்டிருந்தேன். "தைக்கிற அண்ணனுக்குத் தேத்தண்ணி" என்று மூன்று முறை கொண்டு வந்து தந்தார்கள். நான் போட்டியில் சேரவில்லை என்பதால் எனக்குப் பணிஸ் கிடைக்கவில்லை.

போட்டோவைப் பற்றிக் கேட்ட அந்தப் பொடியன் தன் காற்சட்டைக்கு உட்புறமாக ஒரு பொக்கட் வேண்டுமென்றான். எதற்கென்று கேட்டதற்கு, கொழும்பில் வீட்டு வேலை செய்யும் அவனுடைய அம்மா தைப்பொங்கலுக்கு வரும்போது சல்லி தருவார் என்றும், அதை வைப்பதற்கென்றும் விளக்கினான். தைப்பொங்கலுக்கு மூன்று மாதங்களுக்கு மேல் இருக்கிறது. சற்று ஆழமாகவே தைத்துக் கொடுத்தேன்.

கடைசியாக வந்த பிள்ளைக்குப் பதினொரு வயதிருக்கும். வெள்ளைச் சீருடை முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. கீழ்மடிப்பைப் பிரித்துப் புரட்டினால், பழைய மடிப்புகள் இருந்த இடங்களில் மங்கலான மூன்று கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. வினாகிரி கலந்த நீரைத் தெளித்து இஸ்திரிக்கை போட்டால் கோடு மறையும் என்று அப்பா சொல்வார். அங்கே வினாகிரி இல்லை. எஞ்சியிருந்த முக்கால் அங்குலத்தையும் இறக்கி, ஓரத்தை மட்டும் மெல்லிதாகத் தைத்தேன். "அடுத்த வருசம் இறக்க துணி இல்லையே அண்ணே?" என்று அவள் கேட்டாள். நூல் கோப்பதைப் போல ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா வேறெதையும் கேட்கவில்லை. பொபினில் நூலை இறுக்கிச் சுற்றினேனா என்றுதான் கேட்டார். காலையில் பார்த்தால், என் பைக்குள் ஒரு டசின் சிப் ரன்னர்களும், இரண்டு கட்டை வெள்ளை நூலும், மூன்று அங்குல அகலத்தில் நேராக வெட்டிய வெள்ளைத் துணிப் பட்டிகளும், ஒரு சிறு போத்தல் வினாகிரியும் இருந்தன. கூடவே, கழகத்தின் பெயருக்கு 1,450 ரூபாய்க்கான பில்.

தலைவரிடம் காட்டினேன். அது பயணத்துக்குப் பிந்திய செலவு என்பதால் கூட்டத்தில் வைத்து அனுமதி பெறவேண்டும் என்கிறார், நான் தைத்துக் கொடுத்த அதே காற்சட்டையில் நின்றுகொண்டு.