நம்பிக்கை மையத்தில் ஒரு நாத்திகன்

அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் இடத்துக்குத் தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம் என்று பெயர். அங்கே பதினோரு வருஷம் ஆலோசகராக இருந்தேன். சாமி கும்பிடாதவனுக்கு இப்படி ஒரு போர்டுக்குக் கீழே நாற்காலி கிடைத்ததை நண்பர்கள் இன்றும் கிண்டல் செய்வார்கள்.

என் மேஜை டிராயரில் மரத்தில் செய்த ஆண்குறி மாதிரி ஒன்று கிடக்கும். ஆணுறையின் நுனியைக் கிள்ளிப் பிடித்துக் காற்றை எடுப்பது, அடிவரை உருட்டிவிடுவது எல்லாம் அதில்தான் செய்து காட்டுவோம். முதல் வருஷ ஆயுத பூஜைக்கு லேப் அக்கா சென்ட்ரிஃபியூஜ், பிரிட்ஜ், ஊசி நறுக்கும் மிஷின் என்று ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைத்தார். என் டிராயரை மட்டும் இழுத்துச் சாத்தினார்.

"அக்கா, நம்ம தொழிலுக்கு அதுதானே ஆயுதம்?"

"சாமி காரியத்துல விளையாடாதீங்க தம்பி."

தேரில் ஆணும் பெண்ணும் கூடுகிற மிதுனச் சிற்பங்களைச் செதுக்கி வைத்து, அதே தேரைக் குழந்தைகுட்டியோடு வடம் பிடித்து இழுக்கிற ஊர்தான் இது.

ஒரு கார்த்திகை மாதம், கழுத்தில் துளசிமாலையோடு ஒருவர் வந்தார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மூன்று கிட்டிலும் பாசிட்டிவ். போன வருஷம் மாலை போட்டிருக்கும்போதே தப்பு செய்துவிட்டதாகவும், ஐயப்பன் தண்டித்துவிட்டதாகவும் அழுதார். "இது தண்டனை இல்லைங்க, கிருமி. அதுக்கு விரத நாள், சாதா நாள் தெரியாது" என்றேன். ஆறுதல் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பாவம்னா பரிகாரம் இருக்கு சார். கிருமிக்கு என்ன பரிகாரம்?"

"மாத்திரை. தினமும் ஒரே நேரத்துல, ஆயுசுக்கும்."

"மண்டல விரதமே நாப்பத்தியொரு நாள்தான் சார்."

பதில் சொல்லத் தெரியவில்லை. பாவம் என்ற சொல்லைப் பிடுங்கிவிட்டால் மனுஷனுக்குப் பாரம் இறங்கிவிடும் என்று அதுவரை நம்பியிருந்தேன். சிலருக்கு அதுதான் பிடிமானம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆனால் அந்தப் பரிகாரம் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் பரிசோதனை உண்டு என்பதால், பல வீடுகளில் நோய் முதலில் தெரியவருவது மனைவிக்குத்தான். முதலில் தெரிந்தவள்தான் கொண்டுவந்தவள் என்று வீடு முடிவு கட்டிவிடும். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியை மாமியார் மூன்று நாள் திண்ணையிலேயே படுக்க வைத்திருந்தார். தீட்டாம். புருஷன் உள்ளே கட்டிலில் தூங்கியிருக்கிறான். அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

இன்னொரு பெண் கத்தோலிக்கர். கணவருக்குத் தொற்று இருந்தது, இவருக்கு இல்லை. ஆணுறைப் பெட்டியைத் தொடவே மறுத்தார். 1968-ல் போப் ஆறாம் பால் செயற்கைக் கருத்தடை கூடாது என்று சுற்றுமடல் விட்டார். இந்திய அரசு நிரோத் ஆணுறையை மலிவு விலையில் கடைகளுக்குக் கொண்டுவந்ததும் அதே வருஷம்தான். 2010-ல் போப் பதினாறாம் பெனடிக்ட், நோய் தொற்றாமல் தடுக்க ஆணுறை அணிவது சில நேரங்களில் பொறுப்புணர்வின் முதல் படியாக இருக்கலாம் என்று சொல்லியிருந்தார். அதைத் தேடிப் படித்து, அந்தப் பெண்ணிடம் எடுத்துச் சொன்னேன். நாத்திகன் வாயால் போப் வாக்கு! "ஃபாதர்கிட்ட கேட்டுட்டு வர்றேன் சார்" என்று போனவர், அடுத்த வாரம் வந்து பெட்டியை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஃபாதர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

மதத்தை மட்டும் குறை சொல்லவும் எனக்கு யோக்கியதை இல்லை. அப்பா கருப்புச்சட்டைக்காரர். பெண் விடுதலைக்காகக் கர்ப்பத்தடை வேண்டும் என்று பெரியார் 1930-லேயே குடி அரசு இதழில் எழுதியதைப் பெருமையாகச் சொல்வார். ஆனால் டி.வி.யில் ஆணுறை விளம்பரம் வந்தால் முதலில் எழுந்து சேனலை மாற்றுவதும் அவர்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அந்த மர மாதிரியை எடுக்கும்போது என் கையும்தான் நடுங்கியது.

நான் வேலையை விட்ட வருஷம், ஆயுத பூஜைக்கு அக்கா வழக்கம்போல எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். என் மேஜைக்கு வந்ததும் ஒரு நிமிஷம் நின்றார். டிராயரைத் திறக்கவில்லை. கைப்பிடியில் மட்டும் சந்தனத்தைத் தொட்டு வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் பிரிட்ஜ் பக்கம் போய்விட்டார்.