கோளாறு கேபிளில் இல்லை

மார்ச் மாதத்தில் இரவு ஜிபிஎஸ் சர்வே வேலை என்றாலே எனக்குக் கவலைதான். சென்னை ஓஎம்ஆர் சாலையில் பகல் போக்குவரத்துக்கு நடுவே கருவியை நிறுத்திவைக்க முடியாது என்று நேற்று இரவு ஏழரைக்கு முக்காலியை ஊன்றினோம், எட்டரை வாக்கில் ஃபிக்ஸ், அதாவது இடத்தைத் துல்லியமாகப் பிடித்த நிலை, போய்த் திரையில் ஃப்ளோட் என்று, துல்லியம் குறைந்த நிலை, வந்துவிட்டது. தம்பி ஆன்டெனா கேபிளைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிறான். வானம் பளிச்சென்று இருக்கிறது, மறைக்க ஒரு மரம்கூட இல்லை, ஆனால் தெற்குப் பக்க செயற்கைக்கோள்களின் சிக்னல் வலிமை மட்டும் 45-லிருந்து 30-க்கு இறங்குகிறது, ஏறுகிறது, மறுபடி இறங்குகிறது.

கேபிளை விடுடா, கோளாறு அயனி மண்டலத்தில், மேலே மின்னேற்றம் பெற்ற காற்று அடுக்கில், என்றேன். பூமியின் காந்த நடுக்கோடு, அதாவது காந்தப்புலம் தரைக்குக் கிடையாக இருக்கும் கோடு, நம் திருநெல்வேலிப் பக்கம்தான் போகிறது. பொழுது சாய்ந்ததும் அதற்கு மேலே அயனி மண்டலத்தில் எலக்ட்ரான் குறைந்த குமிழ்கள் பல நூறு கிலோமீட்டர் உயரத்துக்குக் கிளம்பி, காந்தக் கோடுகளை ஒட்டி வடக்கேயும் தெற்கேயும் நீளும். 1575.42 மெகாஹெர்ட்ஸில் வரும் ஜிபிஎஸ் சிக்னல் அதற்குள் நுழைந்தால் நட்சத்திரம் மாதிரி மினுக்கும், கருவி பிடியை விட்டுவிடும். மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில், அதுவும் சூரியனின் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் வருடங்களில் ரொம்ப அதிகம். இரண்டு அலைவரிசைகளில் சிக்னல் வாங்கும் கருவி, அயனி மண்டலம் சிக்னலுக்கு உண்டாக்கும் வழக்கமான தாமதத்தைக் கழித்துவிடும், இந்த மினுக்கலை அதனால் சமாளிக்க முடியாது.

அப்புறம் என்ன, டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். நள்ளிரவு தாண்டித்தான் ஃபிக்ஸ் நின்றது.