எந்த ஜெர்மேனியம் டையோடு? அளந்து பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் என் இறுதியாண்டு புராஜெக்ட், பேட்டரி இல்லாத ஏஎம் ரேடியோ ரிசீவர். அதே மாதிரித் தலைப்பை எடுத்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். மற்ற பாகங்களெல்லாம் எளிது. ரேடியோ சிக்னலிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும் டையோடுக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும்.

“சிலிக்கான் 0.7 வோல்ட், ஜெர்மேனியம் 0.2 வோல்ட்” என்று வைவாவில் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். மில்லிஆம்பியர் கணக்கில் மின்னோட்டம் ஓடும்போதுதான் அந்த எண்கள் பொருந்தும். நம் கைக்கு வருவதோ சில மில்லிவோல்ட் சிக்னல். அங்கே முக்கியம், பூஜ்ஜிய வோல்ட் அருகே டையோடின் தடை எவ்வளவு என்பது. 26 மில்லிவோல்ட்டை சாச்சுரேஷன் கரன்ட்டால் (டையோடில் எதிர்த்திசையில் கசியும் சிறு மின்னோட்டம்) வகுத்தால் ஏறக்குறைய அது கிடைத்துவிடும். 1 மைக்ரோஆம்பியர் என்றால் 26 கிலோ ஓம். 1என்4148 போன்ற சிலிக்கான் டையோடில் அந்தக் கரன்ட் சில நானோஆம்பியர்தான். தடை பல மெகா ஓம் ஆகிவிடும். சிக்னல் அதில் எடுபடாது.

மல்டிமீட்டரின் டையோடு டெஸ்ட் இதற்கு உதவாது. பெரும்பாலும் 1 மில்லிஆம்பியர் அளவுக்கு அனுப்பிவிடும். 9 வோல்ட் பேட்டரி, 10 மெகா ஓம் ரெசிஸ்டர், டையோடு மூன்றையும் வரிசையாக இணையுங்கள். 0.9 மைக்ரோஆம்பியர் ஓடும். டையோடின் இரு முனைகளிலும் மில்லிவோல்ட் பாருங்கள். நல்ல ஜெர்மேனியம் சில பத்து மில்லிவோல்ட்டில் நிற்கும். சிலிக்கான் 200-ஐத் தாண்டும். டையோடை விரலால் பிடித்தாலே எண் இறங்கும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் கசிவு ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஏர்கான் லேபில் எடுத்த அளவும் வீட்டு ஹாலில் எடுத்த அளவும் ஒத்துப்போகாததற்கு இதுதான் காரணம். வெப்பநிலையையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.

மிகக் குறைந்த எண் காட்டுவதே சிறந்த டையோடு என்று எடுத்துவிட வேண்டாம். 200 மைக்ரோஹென்றி காயில், கியூ (நிலையங்களைப் பிரித்தெடுக்கும் கூர்மை) 100, 1 மெகாஹெர்ட்ஸ் என்றால், நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும் டியூன் சர்க்யூட்டின் தடை சுமார் 125 கிலோ ஓம். அதன் குறுக்கே 26 கிலோ ஓம் டையோடு வந்தால் கியூ சரிந்து, பக்கத்து நிலையங்களும் சேர்ந்து கேட்கும். காயிலின் நடுவிலிருந்து ஒரு இணைப்பு (டேப்) எடுத்து டையோடை அங்கே இணையுங்கள், இல்லையென்றால் கசிவு குறைந்த டையோடைப் போடுங்கள். என்னைக் கேட்டால், டேப் எடுப்பதே மேல்.

சிங்கப்பூர் சிம் லிம் டவரில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், 1என்34ஏ என்ற ஜெர்மேனியம் டையோடின் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். அந்தப் பெயரில் ஷாட்கி என்ற வேறு வகை டையோடையும் விற்கிறார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அசல் ஜெர்மேனியம் டையோடில் (பாயிண்ட் கான்டாக்ட் வகை) கண்ணாடிக்குள் மெல்லிய கம்பி வளைந்து நிற்பது தெரியும். ஆனால் ஷாட்கி என்பதற்காகத் தூக்கிப் போடவும் வேண்டாம். மேலே சொன்ன சோதனையில் தேறினால் அதையும் பயன்படுத்தலாம்.

தமிழ் வானொலி ஒலி 96.8 பண்பலை (எஃப்எம்), இந்த ஏஎம் ரிசீவருக்கு அது ஒத்துவராது. செயல்விளக்கத்துக்கு ஏஎம் வசதியுள்ள சிக்னல் ஜெனரேட்டரை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். சால்டரிங் செய்யும்போது கண்ணாடிக்கும் அயர்னுக்கும் இடையே டையோடின் கம்பிக் காலை முதலைக் கிளிப்பால் கவ்விக்கொள்ளுங்கள். ஜெர்மேனியம் சூட்டைத் தாங்காது.