லோடு 8, ஆனால் சிபியு சும்மா இருக்கிறது

லினக்ஸ் மெஷின் திணறினால் எல்லாருக்கும் முதலில் கை போவது 'டாப்' கட்டளைக்குத்தான். முதல் வரியின் கடைசியில் மூன்று எண்கள் இருக்கும். கடந்த 1, 5, 15 நிமிடங்களின் லோடு சராசரி அவை. 4 கோர் மெஷினில் 8 என்று தெரிந்தால் 'சிபியு பத்தலை' என்று உடனே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். இரண்டு வரி கீழே 'யுஎஸ்', 'எஸ்ஒய்' (நிரல்களும் கர்னலும் எடுத்துக்கொள்ளும் சிபியு சதவீதம்) இரண்டும் சேர்ந்து 10-ஐக்கூடத் தொடாமல் இருப்பது கண்ணில் படாது.

லினக்ஸின் லோடு சிபியுவில் ஓடும், அதற்காக வரிசையில் நிற்கும் ப்ராசஸ்களோடு (ஓடும் நிரல்கள்), டிஸ்க் பதிலுக்காக எழுப்பமுடியாத தூக்கத்தில் கிடப்பவற்றையும் எண்ணுகிறது. 1993-இல் லினக்ஸின் மையமான கர்னலில் வந்த மாற்றம் இது. ப்ராசஸ்களைப் பட்டியலிடும் 'பிஎஸ்' கட்டளை காட்டும் நிலைப் பத்தியில் 'டி' என்று இருப்பவை அவைதான். வலுக்கட்டாயமாக நிறுத்தும் 'கில் -9' அடித்தாலும் பெரும்பாலும் அசையாது.

ஆகவே அடுத்து, விநாடிக்கு ஒருமுறை நிலவரம் காட்டும் 'விஎம்ஸ்டாட் 1'. முதல் வரி, மெஷின் பூட் ஆனதிலிருந்து வந்த சராசரி. அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். பிறகு வரும் வரிகளில் 'ஆர்' பத்தி (ஓடும் அல்லது சிபியுவுக்குக் காத்திருக்கும் ப்ராசஸ்கள்) கோர் எண்ணிக்கையைத் தாண்டியே நின்றால் உண்மையிலேயே சிபியு போதவில்லை. 'பி' பத்தி (எழுப்பமுடியாத தூக்கத்தில் இருப்பவை) பூஜ்யத்துக்கு இறங்காமல் இருந்தால் டிஸ்கையோ, நெட்வொர்க் வழியே இணைத்த என்எஃப்எஸ் மவுன்டையோ சந்தேகிக்கலாம். 'எஸ்ஐ', 'எஸ்ஓ' (ரேமுக்கும், டிஸ்கில் அதற்கு மாற்றாக உள்ள ஸ்வாப்புக்கும் இடையே நகரும் தரவு) விடாமல் ஓடினால் ரேம் பற்றாக்குறை. ஸ்வாப்பில் கொஞ்சம் இடம் பிடித்திருப்பது மட்டும் ஒரு குற்றமில்லை. அதேபோல் ரேம் கணக்கைக் காட்டும் 'ஃப்ரீ -எச்' போட்டால் 'ஃப்ரீ' பத்தியைப் பார்த்துப் பதறாமல் 'அவைலபிள்' பத்தியைப் பாருங்கள். கேஷில் இருப்பதில் பெரும்பகுதி தேவைப்படும்போது திரும்பக் கிடைக்கும்.

டிஸ்க்தான் என்று தெரிந்தால் சிஸ்ஸ்டாட் தொகுப்பை நிறுவி 'ஐஓஸ்டாட் -எக்ஸ் 1' ஓட்டுங்கள். பார்க்கவேண்டியது 'அவெய்ட்' பத்திகள், அதாவது ஒரு கோரிக்கை முடிய ஆகும் மில்லிசெகண்ட். சுழலும் ஹார்ட் டிஸ்கில் 10, 20 சாதாரணம். எஸ்எஸ்டியில் அதே எண் தொடர்ந்து வந்தால் விசாரிக்க வேண்டியதுதான். 'யுடில்' (டிஸ்க் வேலையில் இருந்த நேரத்தின் சதவீதம்) 100 என்பதை என்விஎம்இ எனும் அதிவேக எஸ்எஸ்டி விஷயத்தில் நம்பவேண்டாம். எந்த நேரமும் ஒரு கோரிக்கையாவது நிலுவையில் இருந்தது என்றுதான் அதற்குப் பொருள். அந்த டிஸ்க் ஒரே சமயத்தில் பல கோரிக்கைகளைக் கவனிக்கும்.

சாட்டா கேபிளில் இணைந்த டிஸ்க் என்றால், டிஸ்கின் ஆரோக்கியத்தைச் சொல்லும் 'ஸ்மார்ட்சிடிஎல் -ஏ' காட்டும் பட்டியலில் 5, 197, 198 ஆகிய எண்ணுள்ள வரிகளை (கெட்டுப்போன அல்லது படிக்கமுடியாத செக்டர்கள்) பாருங்கள். அவற்றின் கடைசிப் பத்தி எண் ஏறிக்கொண்டே போனால் முதல் வேலை பேக்கப். 199 (தரவு கடத்தும்போது வந்த பிழைகள்) மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிஸ்க் மேல் தப்பில்லை, கேபிள்தான். நூறு ரூபாய் கேபிளுக்காக நல்ல டிஸ்கைத் தூக்கிப்போட்டவர்கள் உண்டு. கேபிளை மாற்றினாலும் அந்த எண் குறையாது. எழுதிவைத்துக்கொண்டு, மறுநாள் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கர்னல் செய்திகளைக் காட்டும் 'டிமெசேஜ் -டி'யில் லிங்க் ரீசெட் வரிகளும், வேகம் 6-இலிருந்து 3 ஜிபிபிஎஸ்ஸுக்கு இறங்கிய தகவலும் இருந்தால் சந்தேகம் உறுதியாகிறது.

சூடு இதற்கு நேர் எதிர்: சிபியு 100 சதவீதம் ஓடும், வேலை மட்டும் நகராது. லோடு எண்ணில் இது தெரியாது. எல்எம்-சென்சார்ஸ் நிறுவி 'சென்சார்ஸ்' கட்டளையில் வெப்பநிலையைப் பாருங்கள்; சிபியு ஓடும் மெகாஹெர்ட்ஸையும் தனியாகப் பாருங்கள். இன்டெல் சிபியு என்றால் 'சிஸ்' கோப்பகத்தில் ஒவ்வொரு சிபியுவின் 'தெர்மல் த்ராட்டில்' அடைவில், சூட்டால் வேகம் குறைக்கப்பட்ட தடவைகளின் எண்ணிக்கை இருக்கும். அது கூடிக்கொண்டே போனால் ஃபேன் தூசியையும் காய்ந்துபோன பேஸ்ட்டையும் கவனிக்க வேண்டும்.

கர்னல் 4.20 முதல் 'ப்ராக்' கோப்பகத்தில் 'ப்ரஷர்' அடைவும் உண்டு (இந்த வசதியின் பெயர் பிஎஸ்ஐ). அதன் 'ஐஓ' கோப்பில் 'சம்' வரியில் 'அவ்ஜி10' 35 என்றால், கடந்த 10 விநாடியில் 35 சதவீத நேரம் ஏதோ ஒரு ப்ராசஸாவது டிஸ்குக்காகக் காத்துக் கிடந்தது. லோடு எண்ணைவிட இது எவ்வளவோ தெளிவு. சில டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸ் வகைகள்) கர்னலின் பூட் வரியில் 'பிஎஸ்ஐ=1' சேர்த்தால்தான் வரும்.

இரவு 2 மணிக்குத் திணறி விடியும்போது சரியாகிவிடும் சர்வருக்கு, சிஸ்ஸ்டாட் தொகுப்பிலேயே உள்ள, பழைய நிலவரப் பதிவுகளைக் காட்டும் 'சார்' கட்டளை வேண்டும். அந்தத் தொகுப்பு வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் பதிவு செய்யும். அரை நிமிடத் திணறல் அந்தச் சராசரியில் கரைந்துபோகும். பதிவு செய்யும் டைமரை 1 நிமிடமாகக் குறைத்துவிடுங்கள்.